கல்லூரி மகளிர் துடுப்பு அணியில் இருந்தவர்கள் யாராவது இங்கே உண்டா?

கடைசி_ஐநூறு எழுதியது:

வெளிநாட்டுப் படிப்புப் பிரிவில் விசா, உதவித்தொகை, வாடகை, குளிருக்கு என்ன கோட்டு வாங்குவது என்று எல்லாம் பேசியாகிவிட்டது. துடுப்பு அணி பற்றி ஒரு இழைகூட இல்லை. நான் மாசசூசெட்ஸில் ஒரு மகளிர் கல்லூரியில் படித்தேன். அங்கே இருந்தவரை க்ரூவில், அதாவது துடுப்பு அணியில்தான் இருந்தேன். நம் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

முக்கியமான விஷயம், இதில் பதினெட்டு வயதில் சேரலாம். டென்னிஸோ நீச்சலோ என்றால் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். துடுப்பில் அப்படி இல்லை. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் உயரமான பெண் யாராவது அந்த வழியாகப் போனால் விடமாட்டார்கள், கூப்பிட்டுப் பேர் எழுதிக்கொள்வார்கள். இப்படி வருகிறவர்களுக்கு 'வாக்-ஆன்' என்று பெயர். நானும் அப்படி வந்தவள்தான். எங்கள் ஊர்ப் பள்ளியில் பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் இருக்கும், கணக்கு டீச்சர் வந்து எடுத்துக்கொள்வார். அங்கிருந்து வந்த ஒருத்தியை ஒரு வருடத்துக்குள் 'அத்லெட்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை என்மேல் யாரும் அதுவரை போட்டதில்லை.

படகைப் பற்றிக் கொஞ்சம். எட்டுப் பேர் படகு ஏறக்குறைய பதினெட்டு மீட்டர் நீளம், நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை எட்டுப் பேரும் தோளில் தூக்கித்தான் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். விடியற்காலை இருட்டில் காக்ஸ் (துடுப்புப் போடாமல் படகைத் திருப்பி, கட்டளை சொல்லும் ஒன்பதாவது ஆள்) சொல்லச் சொல்ல, ஒரே நேரத்தில் தலைக்குமேல் தூக்கி, ஒரே நேரத்தில் இடுப்புக்கு இறக்கி, மிதவை மேடையின் ஓரத்தில் குனிந்து தண்ணீரில் வைக்க வேண்டும். ஒருத்தி கவனம் சிதறினால் மற்ற ஏழு பேர் தோளிலும் பாரம் ஏறும். துடுப்புப் போட ஆரம்பிக்கும் முன்பே நீ ஒரு கூட்டத்தின் பகுதி என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

ஏறி உட்கார்ந்தால் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் இருப்போம். எனக்கு ஐந்தாம் இருக்கை. நான்கு வருடமும் நான் அதிகம் பார்த்தது ஆறாம் இருக்கைக்காரியின் பின்கழுத்துதான். அவள் தோள் எப்போது முன்னே போகிறது, எப்போது மூச்சு இழுக்கிறாள், இன்று ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறாளா என்பதெல்லாம் அந்தக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீருக்குள் இறங்கினால் படகின் அடியில் காற்றுக் குமிழ்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். சலசலவென்று, அடிவயிற்றுக்கு நேர் கீழே. ஒருத்தி கால் நொடி தாமதித்தாலும் நின்றுவிடும். அந்தச் சத்தத்துக்காகத்தான் விடிகாலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

போட்டியில் யாருக்கும் தனிப் புள்ளி கிடையாது. பலகையில் வருவது படகின் நேரம் மட்டும். இரண்டாயிரம் மீட்டர், ஆறரை ஏழு நிமிடம், இருநூறு தடவைக்கு மேல் துடுப்பு இழுக்க வேண்டும். அதில் எந்த இழுப்பு யாருடையது என்று பிரிக்கவே முடியாது. வீட்டில் எப்போதும் தனி மார்க், தனி ரேங்க் என்றே வளர்ந்த எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

ஆனால் தனி எண்ணே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோகும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எர்க் இயந்திரம்தான், அதாவது அறைக்குள் உட்கார்ந்து துடுப்பு இழுப்பது போல இழுத்துப் பழகும் இயந்திரம். ஐநூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் என்ற வேகத்தைக் கடைசிவரை பிடித்தால் இரண்டாயிரம் எட்டு நிமிடத்தில் முடியும். புதிதாக வருகிறவர்களில் பலருக்கு அந்த எட்டு நிமிடம்தான் முதல் கனவு. முடிவுகளைச் சுவரில் ஒட்டுவார்கள். எல்லாரும் எல்லாருடையதையும் பார்ப்பார்கள். அந்தச் சுவரின் முன்னால் அழுதவர்களைத் தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காலை உணவு வாங்கிக் கொடுத்தவர்களையும் தெரியும்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

---

மெர்சர்_அம்மா எழுதியது:

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகள் இப்போது இரண்டாம் வருடம், அவளும் நீங்கள் சொன்ன மாதிரி வாக்-ஆனாகத்தான் சேர்ந்தாள். அப்பாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. "படிக்கத்தானே அனுப்பினோம்" என்கிறார். எனக்குப் பயம் வேறு. தண்ணீர், குளிர், இருட்டு. லைஃப் ஜாக்கெட்கூடப் போடாமல் போகிறார்கள். போன் செய்தால் எப்போதும் தூக்கக் கலக்கத்தில்தான் பேசுகிறாள், ஆனால் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதனால்தான் நிறுத்து என்று சொல்ல மனம் வரவில்லை. படிப்பு கெடுமா? உண்மையைச் சொல்லுங்கள் அம்மா.

---

கடைசி_ஐநூறு எழுதியது:

அக்கா, முதலில் பயத்துக்குப் பதில். அநேகமாக எல்லா அணிகளிலும் நீச்சல் தேர்வு வைத்துத்தான் படகில் ஏற்றுவார்கள். பயிற்சியாளர் மோட்டார் படகில் கூடவே வருவார், லைஃப் ஜாக்கெட்டுகள் அதில் இருக்கும். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தாலோ காற்று அதிகமாக இருந்தாலோ இறக்கமாட்டார்கள். உங்கள் மகளிடம் அவர்கள் அணியில் என்ன விதி என்று கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

படிப்பு கெடாது என்று வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று பிரிவுகள் உண்டு. மேல்மட்டமான முதல் பிரிவுக் கல்லூரிகளில் சீசன் நேரத்தில் வாரம் 20 மணிநேரத்துக்குமேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. பேருந்துப் பயணம், பாத்திரம் பாத்திரமாகச் சாப்பிடுவது, பகலில் அசந்து தூங்குவது இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. என் அனுபவத்தில், ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தே ஆக வேண்டும் என்பதால் பகலில் வெட்டியாக உட்காரவே நேரம் இருக்கவில்லை. ஆய்வுக்கூட வேலை அதிகமாக உள்ள பாடம் எடுத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள், இரண்டாம் வருடத்தில் விலகியவர்களும் உண்டு. விலகியதால் யாரும் குறைந்துபோய்விடவில்லை.

---

சுக்கான் எழுதியது:

நான் காக்ஸ். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட, அவ்வளவுதான். உயரம் இல்லை என்று அந்த மேசையைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். ஒன்பதாவது ஆள் இல்லாமல் எட்டுப் பேர் படகு நகராது.

காக்ஸ் என்றால் உட்கார்ந்து கத்துகிறவள் என்று நினைக்கிறார்கள். படகில் முன்னால் பார்க்கிற ஒரே ஜோடிக் கண் என்னுடையது. சுக்கான் கயிறு என் கையில், மைக் என் வாயருகில், நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்று காட்டும் சின்னத் திரை என் மடியருகில். பாஸ்டனில் அக்டோபர் மாதம் நடக்கும் ஹெட் ஆஃப் தி சார்ல்ஸ் போட்டி 1965லிருந்து நடக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகிற ஆறு, வரிசையாகப் பாலங்கள். அதில் வீக்ஸ் நடைபாலத்தின் வளைவுதான் காக்ஸுகளின் பரீட்சை. கிட்டத்தட்ட செங்கோணமாக எனக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். சுக்கானை மட்டும் நம்பினால் படகு அகலமாகப் போய் வேகம் செத்துவிடும். அதனால் பாலத்துக்கு முன்பே ஸ்டார்போர்டு பக்க (எனக்கு வலது பக்க) நான்கு பேரிடம் கூடுதல் பலம் கேட்க வேண்டும், மற்ற நான்கு பேரிடம் சற்றுக் குறைக்கச் சொல்ல வேண்டும். அதே வளைவுக்குள் பக்கத்தில் இன்னொரு படகு நுழைந்துகொண்டிருக்கும். பாலத்தின்மேல் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். நான் கத்தக் கூடாது. என் குரல் நடுங்கினால் எட்டு முதுகும் இறுகும்.

அவர்களுக்கு எதிரே உட்காருகிறவள் நான். ஸ்ட்ரோக் இருக்கைக்காரியின், அதாவது எனக்கு மிக அருகில் இருந்து எல்லாருக்கும் தாளம் அமைக்கும் எட்டாம் இருக்கைக்காரியின் முகம் இரண்டடி தூரத்தில். ஆயிரத்து இருநூறு மீட்டர் தாண்டியதும் அந்த முகத்தில் ரத்தம் இறங்கி உதடு வெளுப்பதைப் பார்ப்பேன். அப்போது "இன்னும் பத்து, முழுப் பலம்" என்று கேட்க வேண்டும். நான் துடுப்புப் போடவில்லை, கேட்கிற இடத்தில் இருக்கிறேன். அந்த உரிமை சும்மா வராது. எர்க் அறையில் அவர்கள் அழும்போது பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், யாருக்கு முதுகு வலி, யாருக்கு எந்தச் சொல் கேட்டால் பலம் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஏழாம் இருக்கைக்காரிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். மூன்றாம் இருக்கைக்காரிக்கு எண் சொல்ல வேண்டும்.

ஜெயித்தால் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடுவார்கள். தோற்ற அணி சட்டையைக் கழற்றி ஜெயித்த அணிக்குக் கொடுக்கும், அதுதான் வழக்கம். மற்ற கல்லூரிகளின் சட்டைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

---

நேர்கோடு எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த அணிகள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதையும் பேச வேண்டும். டைட்டில் நைன் என்ற அமெரிக்கச் சட்டம் 1972ல் வந்தது. ஆண்களுக்கு உள்ள வாய்ப்பு பெண்களுக்கும் வேண்டும் என்றது. அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரிய பல்கலைகள் ஒவ்வொன்றும் 85 உதவித்தொகை வரை கொடுத்து வந்தன. அதை ஈடுகட்டப் பெண்கள் எண்ணிக்கை தேவைப்பட்டது. ஒரே போட் ஹவுஸில் அறுபது எழுபது பெண்களைச் சேர்த்துவிடலாம் என்றால் எந்த நிர்வாகம் விடும்? போட்டிக்கே போகாத பெண்களின் பெயர்களும் பட்டியலில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. பதினெட்டு வயதில் யாரும் சேரலாம் என்கிறீர்களே, அந்தக் கதவு கணக்குக்காகத் திறந்தது என்பது என் கருத்து.

---

கடைசி_ஐநூறு எழுதியது:

நேர்கோடு அண்ணா, கணக்கு உண்மைதான், நான் மறுக்கவில்லை. பெண்கள் துடுப்பை 1997ல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) சாம்பியன்ஷிப் விளையாட்டாக்கியதும், ஆண்கள் துடுப்பு இன்றுவரை அதற்கு வெளியே இருப்பதும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். ஆனால் கதவை நிர்வாகம் திறந்தது என்று சொன்னால் மனம் கேட்கவில்லை.

யேல் பல்கலையில் 1976ல் நடந்ததைச் சொல்கிறேன். போட் ஹவுஸ் டெர்பி என்ற ஊரில், ஹூசடானிக் ஆற்றங்கரையில். கல்லூரியிலிருந்து பேருந்தில் போக வேண்டும். ஆண்களுக்கு அங்கே வெந்நீர்க் குளியலறை இருந்தது. பெண்களுக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் ஆற்றுத் தண்ணீரும் வியர்வையும் ஊறிய உடையோடு, அந்தக் குளிரில், ஆண்கள் குளித்து உடைமாற்றி வரும்வரை பெண்கள் பேருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். மார்ச் 3ஆம் தேதி 19 பெண்கள் பல்கலையின் பெண்கள் உடற்கல்வி இயக்குநர் அறைக்குள் போய் உடைகளைக் களைந்து நின்றார்கள். மார்பிலும் முதுகிலும் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தார்கள். கேப்டன் கிறிஸ் எர்ன்ஸ்ட் அறிக்கையை வாசித்தார். பல்கலை சுரண்டுவது இந்த உடல்களைத்தான் என்பது அதன் சாரம். நியூயார்க் டைம்ஸ் வரை செய்தி போனது. அப்புறம்தான் பெண்களுக்கும் அங்கே இடம் கட்டினார்கள்.

அதே ஆண்டு கோடையில்தான் மான்ட்ரியாலில் பெண்கள் துடுப்பு முதன்முறை ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. எர்ன்ஸ்ட் அங்கே படகோட்டினார். அதிலும் பெண்களுக்கு ஆயிரம் மீட்டர்தான் கொடுத்தார்கள், ஆண்களுக்கு இரண்டாயிரம். 1988 சியோல் வரை காத்திருந்துதான் பெண்கள் முழுத் தூரத்தைப் பெற்றார்கள். அன்று அந்த அறையில் நின்ற முதலாம் ஆண்டு மாணவி ஜின்னி கில்டர் 1984ல் லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளி வாங்கினார்.

இன்னும் பழைய கதையும் உண்டு. வெல்ஸ்லி மகளிர் கல்லூரி 1875ல் தொடங்கியபோதே மாணவிகள் வாபன் ஏரியில் துடுப்புப் போட்டார்கள். அப்போது போட்டி என்பதே கிடையாது, பாட்டும் துடுப்புப் போடும் அழகும்தான் முக்கியம். அதே கல்லூரி 2016ல் மூன்றாம் பிரிவு தேசியப் பட்டத்தை வென்றது. ஹார்வர்டின் பெண்கள் அணி இன்றும் ராட்கிளிஃப் என்ற பெயரில், ராட்கிளிஃபின் கறுப்பு வெள்ளை நிறத்தில்தான் ஓட்டுகிறது. பெண்களுக்கென்று இருந்த கல்லூரியின் பெயரை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பட்டியலை நிரப்பச் சேர்த்தவர்கள் என்று சொல்கிறீர்களே. 2008லும் 2012லும் அமெரிக்காவின் எட்டுப் பேர் படகில் தங்கம் வாங்கிய சூசன் ஃபிரான்சியா பென்சில்வேனியா பல்கலைக்குப் போன பிறகுதான் துடுப்பைத் தொட்டார். யாருக்குள் என்ன இருக்கிறது என்று பதினெட்டு வயதில் எப்படித் தெரியும்? ஒலிம்பிக்கை விடுங்கள். எங்கள் மூன்றாவது படகில் கடைசிவரை இருந்து, எந்தப் பெரிய போட்டிக்கும் போகாத பெண்ணுக்கும் அந்தக் காலைகள் சொந்தம்தான். அவளை வெறும் எண்ணாகப் பார்த்த நிர்வாகம் இருக்கலாம். பக்கத்து இருக்கைக்காரி அப்படிப் பார்க்கவில்லை.

---

நேர்கோடு எழுதியது:

யேல் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. கணக்கு பற்றிச் சொன்னதை மாற்றவில்லை, ஆனால் கடைசிப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன்.

---

ஐம்பத்தொன்பது எழுதியது:

என் பயனர்பெயர் ஏன் இப்படி என்று இந்த இழையில் இருப்பவர்களுக்குப் புரியும். லைட்வெயிட் பிரிவில் இருந்தேன். 130 பவுண்டுக்குள், அதாவது 59 கிலோவுக்குள் இருந்தால்தான் படகில் இடம். மிகச் சில கல்லூரிகளில் மட்டும் இந்த அணி உண்டு.

இதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் எடை பார்ப்பார். போட்டி வாரத்தில் நாங்கள் தண்ணீரைக் குறைப்போம், உப்பைக் குறைப்போம். எனக்கு மாதவிடாய் நின்று பல மாதம் ஆகியிருந்தது. பயிற்சி அதிகமானால் அப்படித்தான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் எர்க்கில் இழுக்கும்போது விலாவில் சுருக்கென்று குத்தியது. விலா எலும்பில் அழுத்த முறிவு. துடுப்புக்காரர்களுக்கு இது வருவதுதான். ஆனால் மருத்துவர் முதலில் கேட்டது மாதவிடாய் பற்றி. உடம்பு செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்றால் ஹார்மோன் குறைந்து எலும்பு பலமிழக்கும் என்று விளக்கினார்.

பயிற்சியாளர் கவனிக்காததைக் கேப்டன் கவனித்திருந்தாள். நான் குணமாகும் வரை தினமும் ராத்திரி உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, தன் தட்டில் இருப்பதையெல்லாம் மெதுவாகச் சாப்பிடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் சாப்பிட்டேன். அடுத்த வருடம் எடை வரம்பு இல்லாத படகுக்கு மாறினேன், என் எர்க் நேரம் குறைந்தது, பலம் கூடியது.

பாரிஸ் 2024க்குப் பிறகு ஒலிம்பிக்கில் லைட்வெயிட் துடுப்பு இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மகள் எந்தப் பிரிவில் இருந்தாலும் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

---

மெர்சர்_அம்மா எழுதியது:

இன்று ராத்திரியே கேட்கிறேன் அம்மா. நீ இப்போது நலமாக இருக்கிறாயா?

---

ஐம்பத்தொன்பது எழுதியது:

நலம் அக்கா. நன்றாகச் சாப்பிடுகிறேன். கேப்டன் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள், வாரக்கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து படகு எடுக்கிறோம்.

---

காம்_ஆறு எழுதியது:

இங்கிலாந்துக் கதையும் கொஞ்சம் சேர்க்கிறேன். கேம்பிரிட்ஜில் முதுகலை படித்தபோது என் கல்லூரியின் இரண்டாவது பெண்கள் படகில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிப் படகுக் குழு உண்டு. நியூனம் மகளிர் கல்லூரியின் படகுக் குழு 1893லேயே தொடங்கியது.

காம் ஆறு குறுகல், பக்கத்துப் பக்கத்தில் ஓட்ட இடமில்லை. அதனால் 'பம்ப்ஸ்' என்று ஒரு போட்டி. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீளம் இடைவெளி விட்டு நிற்கும். பீரங்கி வெடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். முன்னால் போகிறதைத் துரத்தித் தொட வேண்டும், பின்னால் வருகிறது தொடுவதற்குள். தொட்டுவிட்டால் மறுநாள் அவர்கள் இடத்தில் நாம் நிற்போம். நான்கு நாள் இப்படி. தொட்ட அணி கரையில் ஒதுங்கி வில்லோ மரக் கிளையை ஒடித்துத் தலையில் செருகிக்கொண்டு ஊர்வலமாகத் திரும்பும். ஒரு நாள் எங்கள் தலையிலும் இலை இருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அப்படியே போனேன்.

பல்கலை அணிகளின் பெண்கள் போட்டி ஆக்ஸ்ஃபோர்டில் 1927ல் முதலில் நடந்தபோது இரண்டு படகையும் ஒன்றாக ஓடவிடவில்லை. தனித்தனியாக ஓட்டச் சொல்லி, நேரத்தோடு அழகுக்கும் மதிப்பெண் போட்டார்கள். ஆண்கள் ஓடும் அதே லண்டன் தேம்ஸில், அதே நாளில் பெண்களும் ஓட 2015 வரை ஆனது.

---

அடையாற்றங்கரை எழுதியது:

சென்னையிலிருந்து. மெட்ராஸ் போட் கிளப் 1867ல் தொடங்கியது, அடையாற்றில் இன்றும் படகு ஓடுகிறது, கொழும்பு அணியோடு பழைய ரெகாட்டா (படகுப் போட்டி) உண்டு. நான் அங்கே ஸ்கல்லிங் பழகுகிறேன், அதாவது கைக்கு ஒரு துடுப்பு. அடுத்த வருடம் அமெரிக்கா போகலாம் என்று இருக்கிறேன். இந்தப் பழக்கம் எட்டுப் பேர் படகுக்கு உதவுமா?

---

சுக்கான் எழுதியது:

நிச்சயமாக உதவும் தங்கச்சி. ஸ்கல்லிங் பழகியவளுக்குப் படகின் சமநிலை உடம்பில் ஊறியிருக்கும், ஒரே துடுப்புக்கு மாறச் சில வாரம் போதும். எர்க் நேரத்தையும் ஒரு சின்ன வீடியோவையும் பயிற்சியாளருக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பு. பதில் போடுவார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, அதையும் மனதில் வைத்துக்கொள்.

---

மெர்சர்_அம்மா எழுதியது:

மகளிடம் பேசிவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றாள், இதைக் கேட்டதற்குக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மெர்சர் ஏரியில் அவர்களுக்கு ஒரு ரெகாட்டா. அவள் அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். எங்கே நின்று பார்க்க வேண்டும்?

---

கடைசி_ஐநூறு எழுதியது:

முடிவுக் கோட்டுப் பக்கம் நில்லுங்கள் அக்கா. கிளம்புகிற இடத்தில் நின்றால் அரை நிமிடத்தில் கண்ணைவிட்டுப் போய்விடும். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். எந்த லேன் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தூரத்தில் எல்லாப் படகும் ஒன்று போலத் தெரியும். துடுப்பின் நுனியில் பூசியிருக்கும் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முடிந்த உடனே அவளிடம் பேச முயலவேண்டாம், படகைத் தூக்கி வைத்து, பிரித்து, வண்டியில் ஏற்றிய பிறகுதான் வருவாள். பெற்றோர்கள் கூடாரம் போட்டுச் சாப்பாடு வைப்பார்கள். நீங்களும் கொண்டுபோங்கள், பசியோடு வருவார்கள்.

---

மெர்சர்_அம்மா எழுதியது:

புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டலாம் என்று இருக்கிறேன். காரம் குறைத்துத்தான் செய்ய வேண்டும். எட்டுப் பேரும் காக்ஸும் சேர்த்து ஒன்பது, இன்னொரு படகுக்காரர்களும் வருவார்களாம். இருபது பேருக்குப் போடுகிறேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவளிடம் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.